உம் கொட்ட ஆளில்லாத அறை

போதகர் அய்யாத்துரைக்குப் பேசத் தெரியாது என்று கம்பம் பள்ளத்தாக்கில் யாரும் சொல்லமாட்டார்கள். நிறுத்தத் தெரியாது என்று வேண்டுமானால் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்கத்தைத் தொடங்கும்போது அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்த பெண்கள், முடிவதற்குள் சோறு குழைந்துவிடும் என்று பாதியிலேயே எழுந்து போவதுண்டு. அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. குழைந்த சோற்றை அவரும்தான் சாப்பிட்டார்.

ஜெயமங்கலத்தில் ஏர் ஓட்டிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர். தாயும் தகப்பனும் ஒரே காலராவில் போய்ச் சேர, அத்தைக்காரி பையனைக் கொண்டுபோய் மிஷன் விடுதியில் விட்டாள். அங்கே சோறும் கிடைத்தது, வேதமும் கிடைத்தது. முதலில் எதற்காகத் தங்கினீர்கள் என்று யாராவது கேட்டால், சோற்றுக்குத்தான் என்று ஒளிக்காமல் சொல்லுவார். பிறகு எப்போது வேதத்துக்காகத் தங்க ஆரம்பித்தார் என்பது அவருக்கே சரியாக விளங்கவில்லை. படித்து உபதேசியாராகி, பிறகு போதகர் ஆனார். 1926 வாக்கில் மனைவி ஞானபாக்கியத்தையும் ஒரு கிராமபோன் பெட்டியையும் கூட்டிக்கொண்டு சுருளிப்பட்டிக்கு வந்து சேர்ந்தார்.

அந்த கிராமபோனை வைத்து அவர் பட்ட பாட்டைத் தனியாகச் சொல்லலாம். வீரபாண்டித் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் சனம் கூடும். அதிலே ஒரு புளிய மரத்தடியைப் பிடித்துக்கொண்டு பெட்டியைத் திறந்து கிறிஸ்தவப் பாட்டுத் தட்டை ஓட விடுவார். மொய்த்துக்கொண்டு கூட்டம் வரும். பாட்டு முடிந்து, தகரக் குழலை வாயில் வைத்து அவர் பேசத் தொடங்கியதும் மரத்தடி காலியாகிவிடும். மறுபடி தட்டைப் போடுவார், மறுபடி கூட்டம் வரும். ஒரு நாள் முழுக்க இப்படியே நடக்கும். சாயங்காலம் தொண்டை கட்டிப் போய், தட்டும் தேய்ந்துபோய் வீடு திரும்புவார்.

அந்தப் பக்கத்தில் கதை சொல்வதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் சொன்னால் எதிரே ஒருவர் உம் கொட்ட வேண்டும். களத்துமேட்டில் ஆகட்டும், நாற்று நடவில் ஆகட்டும், உம் கொட்ட ஆளில்லை என்றால் சொல்கிறவர் வாயை மூடிக்கொண்டு போய்விடுவார். ஆளில்லாமல் கதை சொல்வது பித்துப் பிடித்தவன் வேலை என்று கருதினார்கள். அய்யாத்துரை விடுதியில் எத்தனை புத்தகம் படித்திருந்தாலும் இந்த முறையில்தான் பிறந்து வளர்ந்தவர். எதிரே உம் கேட்டால்தான் அவருக்கு அடுத்த வாக்கியம் வரும்.

சுருளிப்பட்டிக்கு வந்த புதிதில் அவருக்கு உம் கொட்ட நாதியில்லை. வாய்க்கால் பாலத்தில் நின்று பேசினால் போகிற வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். அப்படி ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தபோது, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்து எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். போதகர் முகத்தையே பார்த்தார். ஒரு வாக்கியம் முடிந்தது. "உம்" என்றார் அந்த மனிதர்.

அவர்தான் ஒச்சாண்டி. வயல்களுக்கு மடை திருப்பி நீர் பாய்ச்சுகிறவர், போதகரைவிட நாலைந்து வயது மூத்தவர். அன்று உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஓலைக் கூரையில் ஜெபவீடு எழும்பியது, பின்னால் அது ஓட்டுக் கூரையானது. ஞாயிறு தவறாமல் ஒச்சாண்டி வந்து வாசற்படிக்கு வெளியே உட்காருவார். உள்ளே வரமாட்டார். ஞானஸ்நானம் எடுத்தவர் அல்ல, கருப்பசாமிக்குக் கெடா வெட்டுகிற குடும்பம். ஆனால் பிரசங்கம் தொடங்கி முடியும்வரை வாக்கியத்துக்கு ஒரு உம் வரும், பொருத்தமான இடத்தில் வரும். அறுவடைக் காலத்தில் அவர் வர முடியாத வாரங்களில் பிரசங்கம் சட்டென்று முடிந்துவிடும். அந்த வாரங்களில் சபைப் பெண்களுக்குச் சந்தோஷம்தான்.

இந்த மனிதர் என்றாவது ஒரு நாள் விசுவாசத்துக்குள் வந்துவிடுவார் என்று அய்யாத்துரை நம்பினார். நாலு பேர் சபையில் சேர்ந்தால் மகிழ்ச்சி, ஒச்சாண்டி சேர்ந்தால் தன் ஊழியமே பலித்த மாதிரி என்று ஞானபாக்கியத்திடம் சொல்லுவார். தினமும் காலை ஜெபத்தில் ஒச்சாண்டியின் பெயர் வரும். பிள்ளையில்லாத அந்த வீட்டில் பெற்ற பிள்ளைக்கு ஜெபிப்பதுபோல் ஜெபித்தார்.

இப்படி இருக்கையில் 1940 கடைசியில் திருச்சி ரேடியோ நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. கிறிஸ்துமஸ் வாரத்தில் பத்து நிமிஷம் பேச வேண்டும். மிஷனில் யாரோ பெரியவர் இவர் குரல்வளத்தைச் சொல்லி வைத்திருந்தார். ஊரே கொண்டாடியது. கருத்தக்கண்ணன் என்று ஓர் ஏலக்காய் வியாபாரி அந்த ஊரில் இருந்தார். யுத்தச் செய்தி கேட்பதற்காகப் பெரிய பாட்டரி வைத்த ரேடியோப் பெட்டி வாங்கியிருந்தார். இரண்டு மூங்கில் கம்பங்களுக்கு நடுவே கம்பி இழுத்துக் கட்டி, அன்று சாயங்காலம் எல்லாரும் கேட்கலாம் என்று தமுக்கு அடித்தே சொல்லிவிட்டார்.

அய்யாத்துரை தேனியில் ரயிலேறி, மதுரையில் மாறி, திருச்சி போய்ச் சேர்ந்தார். எழுதிக் கொடுத்ததை அப்படியே படிக்க வேண்டும் என்றார்கள். சரி என்றார். ஓர் அறைக்குள் உட்கார வைத்தார்கள். சுவரெல்லாம் கனத்த துணி. கதவைச் சாத்தியதும் அவர் மூச்சுவிடும் சத்தம் அவருக்கே பெரிதாகக் கேட்டது. முன்னால் மைக், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி. சிவப்பு விளக்கு எரிந்தது.

முதல் வாக்கியத்தை மணி மணியாகப் படித்தார். படித்துவிட்டுக் காத்திருந்தார்.

எதற்குக் காத்திருக்கிறோம் என்பது முதலில் அவருக்கே புரியவில்லை. தாள் கையில் இருக்கிறது, அடுத்த வரி கண்ணுக்குத் தெரிகிறது, வாய் மட்டும் திறக்கவில்லை. காது எதையோ எதிர்பார்த்து நீண்டுகொண்டே போனது. அறையில் ஒரு ஈ பறந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். கண்ணாடிக்கு அப்பால் அதிகாரி இரண்டு கையாலும் ஏதோ சைகை காட்டினார். அய்யாத்துரை திடுக்கிட்டு மறு வரியைப் படித்தார். பிறகு நிறுத்தப் பயந்துகொண்டு, மூச்சுவிடாமல் கடகடவென்று ஒப்பித்து, நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டார். மிச்ச நேரத்துக்கு யாரோ வீணை வாசித்தார்கள்.

அதிகாரி நல்ல மனிதர். "குரல் பிரமாதம் ஐயா. முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான். பெரிய வெள்ளிக்கு மறுபடி வாருங்கள்" என்றார்.

தங்கியிருந்த மிஷன் வீட்டுக்கு வந்து அய்யாத்துரை முழங்கால் போட்டார். ஒரு வார்த்தை ஜெபித்தார். ஜெபித்துவிட்டு அங்கேயும் காத்திருந்தார். அறை அமைதியாக இருந்தது. எப்போதும் இப்படித்தானே இருந்திருக்கும், இத்தனை வருஷமாக நமக்கு ஏன் உறைக்கவில்லை என்று ஒரு சந்தேகம் உள்ளே நுழைந்தது. நுழைந்தது வெளியே போகவில்லை. கடவுளிடம் பேசிய பேச்சுக்கெல்லாம் கடவுள்தான் பதில் சொன்னாரா, அல்லது வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஒச்சாண்டியின் உம்மை வைத்துக்கொண்டு நாமாக நினைத்துக்கொண்டோமா? ஆமென் சொல்லாமலே எழுந்துவிட்டார்.

சுருளிப்பட்டியில் பஸ் நின்றதும் கருத்தக்கண்ணன் மாலையோடு நின்றார்.

"போதகரய்யா, குரலு அப்படியே கணீர்னு ஒங்க குரலு. நடுவுல பெட்டி கொஞ்சம் நின்னுபோச்சு. நான் விடல. மண்டையில ரெண்டு தட்டு தட்டினேன், படபடன்னு பேச ஆரம்பிச்சிருச்சு. நான் தட்டலேன்னா மிச்சத்த யாரு கேட்டிருப்பா?"

அய்யாத்துரை மாலையை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். வேறென்ன சொல்ல?

வீட்டில் சாப்பிடும்போது ஞானபாக்கியத்திடம் மெதுவாகக் கேட்டார்.

"ஒச்சாண்டியண்ணன் வந்தாரா?"

"வந்தாக. மொத ஆளா வந்து பெட்டிக்கு முன்னாடி உக்காந்தாக."

"உம் கொட்டினாரா?"

ஞானபாக்கியம் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"பெட்டிக்கு என்ன வாயா இருக்கு, பாத்து உம் கொட்டுறதுக்கு? பாவம், பெட்டியவே உத்து உத்துப் பாத்துக்கிட்டு இருந்தாக. எல்லாரும் எந்திரிச்சப்ப அவுகளும் எந்திரிச்சுப் போனாக."

"வாய் எதுக்கு? காது போதாதா?"

"காதா? அவுகளுக்குத்தான் காது கேக்காதே."

அய்யாத்துரை சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "எப்ப இருந்து?" என்றார்.

"நாம இங்கன வர்றதுக்கு முன்னாடியே கெணத்து வெடியில போயிருச்சாம். ஊருக்கே தெரியுமே. ஒங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் அவுககிட்ட அம்புட்டுச் சத்தமாப் பேசுறீகன்னுல்ல நான் நெனச்சேன்."

அவர் எல்லாரிடமும்தான் சத்தமாகப் பேசினார். எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிறவருக்கு எதிராளியின் காதைப் பற்றி என்ன கவலை? ஒச்சாண்டியிடம் பேச வருகிறவர்கள் முதலில் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் பேசுவதை அய்யாத்துரை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். எவ்வளவு பாசமான ஊர் என்று மெச்சியும் இருக்கிறார். மிகவும் நல்ல போதகர்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவரைப்போல ஒரு மட்டி அந்தத் தாலுகாவில் கிடையாது.

அன்றிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. முதல்நாள் பாலத்தில் சொன்ன உம்மும் கேட்காத உம். பாவமன்னிப்பைப் பற்றிப் பேசியபோது ஆழமாக வந்ததே, அதுவும் கேட்காத உம். கேட்காதவர் உம் கொட்டிக்கொண்டிருந்தார். கேட்கிறவர் என்று நம்பி ஜெபித்தோமே, அவரிடமிருந்து ஒரு உம்மும் இல்லை. இதில் எதை நம்புவது? ஒச்சாண்டி மேல் கோபப்படப் பார்த்தார், வரவில்லை. தன்னையே நினைத்துச் சிரிக்கப் பார்த்தார், அதுவும் வரவில்லை.

ஒருவேளை ஞானபாக்கியம் சொல்வது தவறாக இருக்கலாம் என்று ஒரு நப்பாசை. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தின் நடுவே, வாயை மட்டும் அசைத்தார். சத்தம் வெளியே விடவில்லை. சபையார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் ஒரு முழு வாக்கியத்துக்கு உதட்டை அசைத்து, கையை நீட்டி முடித்தார்.

"உம்" என்றார் வாசற்படியில் ஒச்சாண்டி.

முன்வரிசையில் இருந்த அக்கம்மாள், போதகருக்குத் தொண்டை போய்விட்டது என்று எழுந்து ஓடிப்போய்ச் சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அய்யாத்துரை அதை வாங்கிக் குடித்துவிட்டு, ஆசீர்வாதம் சொல்லிச் சபையைக் கலைத்தார். அவர் பிரசங்கம் அவ்வளவு சீக்கிரம் முடிந்தது அன்றுதான்.

வீட்டுக்கு வந்து அங்கியைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

"பாக்கியம், நான் விட்டுறலாம்னு பாக்குறேன். திருச்சிக்கும் போகல. இங்கனயும் வேண்டாம். மிஷன் பள்ளிக்கொடத்துல கணக்குச் சொல்லிக் குடுக்க ஆள் கேக்குறாக."

"ஏன்?"

"யாரும் கேக்குறதா எனக்குத் தெரியல."

ஊரைச் சொல்கிறாரா, மேலே இருப்பவரைச் சொல்கிறாரா என்று அவள் கேட்கவில்லை. "அவுககிட்டயே போயிக் கேளுங்க. ஏன் உம் கொட்டினீகன்னு கேட்டுட்டு வந்து அப்புறம் விடுங்க" என்றாள்.

இதற்குப் பின் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அய்யாத்துரை பெரிய வெள்ளிக்குத் திருச்சி போனார். யுத்தம் நடந்த வருஷங்களிலும், முடிந்த பிறகும், வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை அந்த அறையில் உட்கார்ந்து பேசினார். ரேடியோப் போதகர் என்றே பெயர் வந்தது. போடியிலும் சின்னமனூரிலும் காப்பிக் கடைகளில் அவர் குரலைக் கேட்டு, கேட்டதாகக் கடுதாசிகூடப் போட்டார்கள். ஆனால் அவருடைய குழப்பம் தீர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அது பொய். பேச்சுக்கு நடுவே ஓர் இடைவெளி விடும் வழக்கம் அவரைவிட்டுக் கடைசிவரை போகவில்லை. நிலையத்தார் அதை ஒரு பாணி என்று எடுத்துக்கொண்டார்கள். இருந்தும் ஏன் போனார் என்று கேட்டால், ஒச்சாண்டியை வயலில் பார்த்த அந்தக் காலையைத்தான் சொல்ல வேண்டும்.

தை மாதம். இரண்டாம் போக நெல்லுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. ஒச்சாண்டி வரப்பில் நின்று மடையை வெட்டிக்கொண்டிருந்தார். அய்யாத்துரை போய், மற்றவர்கள் செய்வதுபோல், முதல் தடவையாக அவர் தோளைத் தொட்டார். ஒச்சாண்டி திரும்பி, போதகருடைய கையையும் முகத்தையும் பார்த்தார். தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். லேசாக வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"ஏன் அண்ணே?" என்றார் அய்யாத்துரை, உதடு தெரியும்படி. "ஒரு வார்த்தகூடக் கேக்காம ஏன் உம் கொட்டினீக?"

ஒச்சாண்டியின் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது. "அன்னைக்குப் பாலத்துல ஒத்தையில நின்னு பேசிக்கிட்டு இருந்தீக. ஆளு ஆளா ஒதுங்கிப் போறாக. ஒங்க கை நடுங்குச்சு. எனக்கு மனசு கேக்கல. உம்முன்னேன். நடுக்கம் நின்னுச்சு. அப்புறம் எப்படி விடுறது?"

இவ்வளவுதானா என்று அய்யாத்துரைக்குத் தோன்றியது. பதினைந்து வருஷ ஜெபத்துக்கு இதுதானா விளக்கம்? அவமானமாக இருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கால் எடுத்து வைத்தார்.

ஒச்சாண்டி அதைக் கவனிக்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக் குனிந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, மண்ணை வெட்டிப் போட்டபடியே பேச ஆரம்பித்துவிட்டார். காது கேளாதவர்கள் சில சமயம் அப்படித்தான், எதிரே ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

"என் தம்பி ஒருத்தன் இருந்தான், மொக்கைச்சாமின்னு. ரெண்டு பேரும் கெணறு வெட்டுற வேலைக்குப் போவோம். அன்னைக்கு மருந்த வச்சுத் திரியப் பத்த வச்சது நான்தான். ஏறி வந்துட்டேன். அவன் அந்தப் பக்கத்துப் படியில ஏறியிருப்பான்னு நெனச்சேன். வெளிம்புல நின்னு எட்டிப் பாத்தேன். வெடிச்சிருச்சு."

தண்ணீர் மடையில் சலசலத்துக்கொண்டு போனது. அய்யாத்துரை எடுத்து வைத்த காலோடு நின்றார்.

"மத்த ஆளுக எல்லாம் கஞ்சி குடிக்கப் போயிருந்தாக. ஒரே புழுதி. எனக்குக் காதுல ஒண்ணுமே இல்ல. புழுதி அடங்கட்டும்னு மேலயே நின்னேன். அம்புட்டு நேரமும் அவன் உள்ள இருந்து என்னைக் கூப்பிட்டான்னு ஒரு கெழவன் சொன்னான். பக்கத்துத் தோட்டத்துல இருந்து கேட்டானாம். இல்ல, வெடிச்சப்பவே போயிட்டான்னு சிலர் சொன்னாக. கூப்பிட்டானா, கூப்பிடலையா, எனக்குத் தெரியல. நான் மேலதான் நின்னேன். பதில் சொல்லல."

ஒச்சாண்டி நிமிராமல் அடுத்த வெட்டு மண்ணை இழுத்தார்.

"அன்னையில இருந்து, என் முன்னாடி யாரு வாயத் தெறந்தாலும் உம்முன்னு சொல்லிருவேன். என்னத்தச் சொல்றாகன்னு எனக்கெதுக்கு? கூப்பிடுறவுகளா இருந்தா?"

அய்யாத்துரைக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் இந்த மனிதரிடம் நாம்தான் பேசியிருக்கிறோம், இவர் பேசி ஒரு நாளும் கேட்டதில்லை என்பது வெட்கமாக உறைத்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். சொல்லி என்ன பயன்? முதுகு திரும்பியிருக்கிறது, காது இல்லை. ஆனாலும் பேசுகிறவரை உம் இல்லாமல் விடுவது எப்படி?

"உம்" என்றார்.

அப்போது அவருக்கு ஒரு எண்ணம் வந்தது, வந்த வேகத்தில் குழம்பியும் போனது. நாம் பின்னால் நின்று சொல்கிற உம் இவருக்குக் கேட்கவில்லை. அதற்காக நாம் இங்கே இல்லை என்று ஆகுமா? அந்தத் திருச்சி அறையில் காது இல்லாமல் உட்கார்ந்திருந்தது யார்? அதற்குமேல் அவரால் யோசிக்க முடியவில்லை. யோசித்து ஒரு முடிவுக்கு வருகிற நிலையிலும் அவர் இல்லை.

ஒச்சாண்டி தம்பியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். நீச்சலில் கெட்டிக்காரன் என்றார், கல்யாணம் பேசி முடித்திருந்தது என்றார், பெண் கூடலூர்ப் பக்கம் என்றார். ஒரு பாத்தி நிறைந்து மறு பாத்திக்குத் தண்ணீர் திரும்பியது. ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் அய்யாத்துரை, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே, வாய்விட்டு உம் சொல்லிக்கொண்டு நின்றார்.